தேயிலையும் ரம்மும் சேர்ந்த அன்னாசி ஜாம்: முதன்முறை செய்வோருக்கான வழிகாட்டி

சீனப் புத்தாண்டுக்கு இரண்டு மூன்று வாரங்கள் இருக்கும்போதே சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் நடைபாதையில் அன்னாசி கிண்டும் மணம் வரத் தொடங்கிவிடும். ஹொக்கியன் மொழியில் அன்னாசிக்கு ‘ஓங் லாய்’ என்று பெயர். வளம் வருகிறது என்ற பொருளும் அதே ஒலிக்கு உண்டு என்பதால், அந்நாள்களில் அன்னாசித் தார்ட் என்னும் சிறு பலகாரத்தை வைக்காத சீன வீட்டைக் காண்பது அரிது. தார்ட்டுக்குள் வைக்கும் பூரணம் உருட்டிப் பிடிக்கும் அளவுக்கு இறுகக் கிண்டப்படுவது. நான் இங்கே சொல்லவிருப்பது அதைவிட இளகிய, ரொட்டியில் தடவிக்கொள்ளும் பதத்திலுள்ள ஜாம். அதில் தேயிலையின் இளந்துவர்ப்பும் கருப்பு ரம்மின் மணமும் சேர்கின்றன. இதுவரை ஜாமே செய்து பார்த்திராதவர்களும் ஒரு சனிக்கிழமை முற்பகலில் இதைச் செய்து முடித்துவிடலாம் என்ற நம்பிக்கையில்தான் ஒவ்வொரு படியையும் விரிவாக எழுதுகிறேன்.

அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன் ஒன்றைத் தெளிவாக மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மது சேர்ப்பதால்தான் இந்த ஜாம் கெடாமல் இருக்கிறது என்று புதியவர்கள் பலரும் நினைக்கிறார்கள், அப்படியில்லை. 250 மில்லிலிட்டர் போத்தல் ஒன்றுக்கு நாம் சேர்ப்பது இரண்டு தேக்கரண்டி, அதாவது 10 மில்லிலிட்டர் ரம். கடையில் கிடைக்கும் ரம்மில் பொதுவாக நூற்றுக்கு 40 பங்குதான் தூய மது என்பதால், ஒரு போத்தல் ஜாமில் அது 4 மில்லிலிட்டர் மட்டுமே. நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. மது தனியாக நின்று ஒரு பண்டத்தைக் காக்க வேண்டுமானால் இதைப்போல் பத்து மடங்குக்கு மேல் தேவைப்படும். ஜாமைக் காப்பவை சீனி, புளிப்பு, சூடு ஆகிய மூன்றும்தான். தேயிலையும் மதுவும் மணத்துக்காகவும் சுவைக்காகவும் மட்டுமே வருகின்றன. ரம் ஊற்றியிருக்கிறோமே என்று சீனியைக் குறைப்பதும், போத்தலைக் கொதிநீரில் வைக்காமல் விடுவதும் ஜாமைப் பூஞ்சைக்குக் கொடுப்பதில்தான் முடியும்.

ஜாம் ஏன் இறுகுகிறது

பழத்தின் தோலிலும் விதையிலும் சதையிலும் பெக்டின் என்ற பொருள் இருக்கிறது. கொதிக்கும்போது அது பழத்திலிருந்து வெளிவந்து நீரில் கலக்கிறது; போதுமான சீனியும் போதுமான புளிப்பும் உடனிருந்தால், ஆறும்போது வலைபோல் பின்னிக்கொண்டு நீரைத் தன்னுள் பிடித்துவைக்கிறது. மூன்றில் ஒன்று குறைந்தாலும் ஜாம் பாகாகவே ஓடும். அன்னாசியில் புளிப்பு உண்டு, ஆனால் பெக்டின் மிகவும் குறைவு. அதை ஈடுசெய்யப் பெக்டின் நிறைந்த பச்சை ஆப்பிள் ஒன்றையும், நாம் சாறு பிழியும் கலமான்சி என்ற சிறு எலுமிச்சையின் விதைகளையும் சேர்த்துக்கொள்கிறோம்.

அன்னாசி இறுகவே இறுகாது என்று சிலர் அச்சுறுத்துவார்கள். அது ஜெலட்டினுக்குப் பொருந்தும் பேச்சு. வேகவைக்காத அன்னாசியிலுள்ள புரோமலைன் என்ற நொதி புரதத்தைச் சிதைப்பதால் ஜெலட்டின் உறையாது. பெக்டின் புரதமல்ல, தவிர அந்த நொதியும் கொதியில் செயலிழந்துவிடும். அதேபோல், இறுகவில்லையென்றால் கடற்பாசியாகிய அகர் அகர் போடலாமே என்ற எண்ணமும் நம் ஊரில் எளிதாக வரும். அது தரும் இறுக்கம் ஜாமின் இறுக்கம் அன்று. கரண்டியில் எடுத்தால் துண்டுதுண்டாக உடையும், நாளாக ஆக நீரும் விட்டுக்கொள்ளும். எனவே நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

வாங்க வேண்டியவை

நான்கு போத்தல் ஜாமுக்குத் தோலும் கண்ணும் நீக்கிய அன்னாசிச் சதை 1 கிலோ வேண்டும். நடுத்தர அளவில் இரண்டு பழம் வாங்கினால் சரியாக இருக்கும். ஒன்று நன்கு பழுத்து மணப்பதாகவும் மற்றொன்று சற்றே காயாகவும் இருந்தால் மணமும் புளிப்பும் சேர்ந்து அமையும். தேக்கா சந்தையிலோ உங்கள் பேட்டையின் ஈரச்சந்தையிலோ பழக்கடைக்காரரிடம் கேட்டால் கண்களைச் சுற்றிச் சுற்றிச் செதுக்கித் தந்துவிடுவார். புதியவர்கள் அந்த உதவியைத் தயங்காமல் பெற்றுக்கொள்ளலாம். வெள்ளைச் சீனி 750 கிராம், பச்சை ஆப்பிள் ஒன்று, 60 மில்லிலிட்டர் சாறு வருமளவுக்குக் கலமான்சி பன்னிரண்டு பதினைந்து, தேயிலைத் தூளாக அல்லாமல் இலையாக 12 கிராம், கருப்பு ரம் 40 மில்லிலிட்டர். இவ்வளவுதான்.

தேயிலையைப் பற்றிச் சற்றுக் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஜாமின் குணம் அதிலேதான் இருக்கிறது. கோப்பிக் கடையில் ‘தே’ ஆற்றுவதற்குப் பயன்படும் தூள், பாலுக்கும் சீனிக்கும் ஈடுகொடுக்கும் அளவுக்குக் கடுமையானது. நொடியில் நிறமும் துவர்ப்பும் இறங்கிவிடும், மணம் பின்தங்கிவிடும். இதற்கு வேண்டியது பாலும் சீனியும் சேர்க்காமல் வெறும் ‘தே ஓ கோசோங்’ ஆகக் குடித்தாலும் நாவுக்கு இதமாக இருக்கும் இலை. நுவரெலியா, திம்புள்ள போன்ற இலங்கை மலையகத் தேயிலைகளும் நம் நீலகிரித் தேயிலையும் அன்னாசியோடு மிக நன்றாக ஒத்துப்போகின்றன. 1929இல் தொடங்கிய கேமரன் மலைத் தோட்டத்தின் ‘போ’ தேயிலையும் இங்குள்ள பேரங்காடிகளில் எளிதில் கிடைக்கும். அதன் இலை வகையைப் பார்த்து வாங்குங்கள். மலையகத்திலும் நீலகிரியிலும் அந்தக் கொழுந்தைக் கிள்ளும் கைகளில் பெரும்பாலானவை தமிழ்ப் பெண்களின் கைகள் என்பதால், இத்தேயிலைகளை எடுக்கும்போது எனக்கு எப்போதும் ஒரு தனி அக்கறை வந்துவிடுகிறது. ஓர் இலையையும் வீணாக்கக் கூடாது என்று தோன்றும்.

ரம்மில் விலையுயர்ந்தது தேவையில்லை. வெல்லப்பாகின் மணமுள்ள கருப்பு ரம் எதுவாயினும் சரி. முதன்முறை செய்பவர்கள் ஒரு சிறிய போத்தலோடு நிறுத்திக்கொள்ளலாம். சிங்கப்பூரில் இரவு 10.30 மணிக்கு மேல் காலை 7 மணி வரை கடைகளில் மது விற்கப்படுவதில்லை. 18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டுமே விற்பார்கள். ஆகவே சனிக்கிழமை ஜாம் கிண்டுவதாக இருந்தால் வெள்ளிக்கிழமை மாலையே வாங்கி வைத்துவிடுவது நல்லது.

பாத்திரங்களும் போத்தல்களும்

வாய் அகன்ற, அடி கனமான, துருப்பிடிக்காத எஃகுப் பாத்திரம் ஒன்று வேண்டும். அலுமினியமும் ஈயம் பூசாத பித்தளையும் புளிப்போடு வினைபுரிந்து சுவையைக் கெடுக்கும் என்பதால் அவற்றைத் தவிர்த்துவிட வேண்டும். பொங்கி எழும்போது வழியாமலிருக்க, பழமும் சீனியும் சேர்ந்து பாத்திரத்தில் பாதிக்கு மேல் வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். நீண்ட கைப்பிடியுள்ள மர அகப்பை, சமையல் வெப்பமானி, எடை பார்க்கும் தராசு, மெல்லிய வெள்ளைத் துணித்துண்டு ஆகியவை துணைக்கு வேண்டும்.

வெப்பமானியை முதலில் கொதிக்கும் தண்ணீரில் வைத்துப் பாருங்கள். இத்தீவின் மிக உயர்ந்த இயற்கைக் குன்றாகிய புக்கிட் தீமாவே 164 மீட்டர்தான். எனவே எந்தப் பேட்டையில் இருந்தாலும் உங்கள் வீட்டுத் தண்ணீர் ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். வெப்பமானி 98 காட்டினால் அது இரண்டு டிகிரி குறைத்துக் காட்டுகிறது என்று குறித்துக்கொண்டு, பின்னால் வரும் எல்லா அளவுகளிலும் அந்த இரண்டைக் கழித்துக்கொள்ள வேண்டும். ஜாம் விஷயத்தில் இரண்டு டிகிரி என்பது பாகுக்கும் கட்டிக்கும் இடையிலுள்ள தூரம்.

250 மில்லிலிட்டர் கண்ணாடிப் போத்தல்கள் நான்கும் அவற்றுக்குப் புதிய மூடிகளும் வாங்கிக்கொள்ளுங்கள். சுவைச்சாறு வந்த பழைய போத்தல்களை மீண்டும் பயன்படுத்தலாம், ஆனால் அவற்றின் மூடியிலுள்ள ரப்பர் ஒருமுறை அழுந்திவிட்டதால் காற்றுப்புகாமல் மூடும் என்ற உறுதி கிடையாது. அவற்றில் நிரப்பிய ஜாமைக் குளிர்பதனப் பெட்டியிலேயே வைத்துச் சில வாரங்களுக்குள் உண்டுவிட வேண்டும். போத்தல்களைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, உயரமான பெரிய பானையின் அடியில் ஒரு துணியை மடித்துப் போட்டு, அதன்மேல் அவற்றை நிறுத்தி, தண்ணீரில் 10 நிமிடம் கொதிக்கவிடுங்கள். அடியில் துணி இல்லாவிட்டால் கண்ணாடி பானையில் முட்டி விரிசல் விடும். ஜாம் தயாராகும்வரை போத்தல்கள் அந்தச் சுடுநீரிலேயே இருக்கட்டும். சூடான ஜாமைக் குளிர்ந்த கண்ணாடியில் ஊற்றினால் கண்ணாடி தாங்காது.

பழத்தை வேகவைத்தல்

ஜாம் கிண்டும் பாத்திரத்தை வெறுமையாக ஒருமுறை எடைபோட்டு அந்த எண்ணைத் தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இது ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். அன்னாசியை மிகப் பொடியாக நறுக்கி, ஆப்பிளைத் தோலோடு துருவி, இரண்டையும் 100 மில்லிலிட்டர் தண்ணீரோடும் கலமான்சிச் சாறோடும் பாத்திரத்தில் இடுங்கள். கலமான்சியின் விதைகளையும் ஆப்பிளின் நடுப்பகுதியையும் துணியில் முடிந்து அதே பாத்திரத்தில் போட்டுவிடுங்கள். மிதமான தீயில், மூடாமல், ஏறத்தாழ 20 நிமிடம் வேக வேண்டும். அன்னாசித் துண்டை விரலுக்கிடையில் நசுக்கினால் நார் எதிர்க்காமல் மசிய வேண்டும். இந்தக் கட்டத்தில் சீனியைச் சேர்த்துவிடக் கூடாது; சீனி சேர்ந்தபின் பழத்தின் நார் மேற்கொண்டு எளிதில் மிருதுவாகாது.

பழம் மசிந்ததும் துணி முடிச்சை எடுத்து, சற்று ஆறவிட்டு, பாத்திரத்தின் மேலேயே இறுகப் பிழியுங்கள். வழவழப்பாக, நொங்குச் சாறுபோல் ஒரு நீர் வரும். அதுவே பெக்டின், ஒரு சொட்டும் விடாமல் உள்ளே விழட்டும். அதன்பின் தீயைக் குறைத்துச் சீனியைக் கொட்டிக் கிளறுங்கள். அகப்பையில் நறநறப்பு முழுவதும் மறையும்வரை கொதிக்க விடாதீர்கள். கரையாத சீனி அடிப்பிடித்துக் கருகும், தப்பியது பின்னால் போத்தலுக்குள் மணிமணியாக உறைந்து நிற்கும்.

சீனி கரைந்தவுடன் தீயைக் கூட்டலாம். இனி 15 முதல் 25 நிமிடம்வரை பாத்திரத்தின் அருகிலேயே நிற்க வேண்டும். முதலில் வெள்ளை நுரையோடு சிறுசிறு குமிழிகள் விரைந்து எழும். நீர் வற்ற வற்ற நுரை அடங்கி, குமிழிகள் பெரிதாகி, சோம்பலாக எழுந்து, பளபளப்போடு வெடிக்கத் தொடங்கும். அப்போது தெறிக்கும் ஒரு சொட்டும் தோலில் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடும். முழுக்கைச் சட்டை அணிந்துகொள்ளுங்கள், பிள்ளைகளை அடுக்களைப் பக்கம் விடாதீர்கள். வெப்பமானி 103 காட்டும்வரை கிளறிக்கொண்டே இருங்கள்.

தேயிலை சேரும் நேரம்

நான் முதன்முறை செய்தபோது தேநீர்ப் பைகள் ஆறினைப் பழத்தோடு சேர்த்தே தொடக்கத்திலிருந்து கொதிக்கவிட்டேன். அரைமணி நேரத்தில் இரண்டு பைகள் பிரிந்து கரும்புள்ளிகளாகப் பரவின. அதைவிட வருத்தம் தந்தது சுவைதான். தேயிலையின் மணம் ஆவியோடு போய்விட்டது, துவர்ப்பு மட்டும் நாவை வறட்டும் கஷாயமாகத் தங்கிவிட்டது. நான்கு போத்தல் ஜாமையும் யாருக்கும் கொடுக்க மனம் வரவில்லை. அன்று கற்றுக்கொண்டதுதான் இந்த முறை: தேயிலை தனியாக ஊற வேண்டும், சற்றுநேரமே ஊற வேண்டும், கடைசியில் சேர வேண்டும்.

ஜாம் 102 டிகிரியை நெருங்கும்போது 12 கிராம் இலையை ஒரு குவளையில் இட்டு, அப்போதுதான் கொதித்த 150 மில்லிலிட்டர் தண்ணீரை ஊற்றி மூடுங்கள். சரியாக நான்கு நிமிடம். அழுத்திப் பிழியாமல் வடிகட்டினால் 100 மில்லிலிட்டர் அளவில் கரிய சாறு கிடைக்கும். நாம் அன்றாடம் குடிக்கும் தேநீரைப்போல் ஆறேழு மடங்கு இலையின் செறிவு அதில் இருக்கும். செறிவு வேண்டுமென்றால் இலையைக் கூட்ட வேண்டுமேயொழிய ஊறும் நேரத்தைக் கூட்டக் கூடாது. மணம் முதலில் இறங்குகிறது, துவர்ப்பு அதற்குப் பின்னால் தொடர்ந்து இறங்கிக்கொண்டே இருக்கிறது.

103 டிகிரியில் இந்தச் சாறை ஜாமில் ஊற்றிக் கிளறுங்கள். கொதி சட்டென்று அடங்கும், வெப்பநிலை இறங்கும். நான்கைந்து நிமிடத்தில் மீண்டும் ஏறிவரும். ஊற்றியவுடன் கறுத்துப்போகும் என்று எதிர்பார்த்தவர்கள், சாறின் கருமை வெளிறி ஜாம் தேன்நிறத்தில் நிற்பதைக் கண்டு தேயிலை போதவில்லையோ என்று எண்ணலாம். எலுமிச்சை பிழிந்தால் தேநீர் வெளிறுவதைப்போலத்தான் இதுவும். புளிப்புப் பட்டதும் தேயிலையின் நிறம் இளகிவிடுகிறது. நிறத்தைப் பார்த்து மேலும் தேயிலை சேர்க்காமல், ஒரு சொட்டை ஆறவைத்து நாவில் வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பதம் பார்த்தல்

வெப்பமானி 104.5 முதல் 105 வரை காட்டும்போது ஜாம் பதத்துக்கு வந்துவிட்டது. ஆனால் ஒரே அடையாளத்தை நம்பாமல் மூன்றையும் பார்ப்பது நல்லது. முதலாவது, அகப்பையைத் தூக்கிச் சாய்த்தால் சொட்டுகள் தனித்தனியாக விழாமல் விளிம்பில் இரண்டு சேர்ந்து ஒரே திரையாகத் தொங்கி விழும். இரண்டாவது, முன்கூட்டியே உறைபெட்டியில் வைத்த பீங்கான் தட்டில் அரைக் கரண்டி ஜாமை விட்டு, ஒரு நிமிடம் கழித்து விரலால் தள்ளினால் அதன் மேற்பரப்பு பால் ஆடைபோல் சுருங்கும். இந்தச் சோதனை நடக்கும்போது அடுப்பை அணைத்துவிட வேண்டும், இல்லையேல் தட்டு ஆறுவதற்குள் பாத்திரத்தில் பதம் தாண்டிவிடும். மூன்றாவதுதான் எடை. வெறும் பாத்திரத்தின் எடையைக் கழித்துப் பார்த்தால் ஜாம் ஏறக்குறைய 1,350 கிராம் இருக்க வேண்டும். 750 கிராம் சீனியும் பழங்களில் இயல்பாகவே உள்ள இனிப்பும் சேர்ந்து மூன்றில் இரண்டு பங்கு ஆகும் நிலை அது. வெப்பமானியில் தயக்கம் உள்ளவர்களுக்கு எடையைவிட நம்பகமான துணை வேறில்லை.

ரம் ஊற்றுவதற்கு முன்

அடுப்பை அணைத்தபின், ரம்மைத் தொடுவதற்கு முன், ரம் இல்லாத ஜாம் யாருக்கு வேண்டும் என்று எண்ணிப்பாருங்கள். எங்கள் எதிர்வீட்டு மாக்சிக், அதாவது மலாய் அம்மா, ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கும் ஒரு தட்டு நிறையக் குவே என்னும் பலகாரம் கொடுத்தனுப்புவார். அவர் வீட்டுக்கு இந்த ஜாமில் ஒரு சொட்டு ரம்மும் படாத போத்தல்தான் போக வேண்டும். கொதிக்கும் ஜாமில் மது முழுவதும் ஆவியாகிவிடும் என்று சொல்லிச் சமாதானம் அடைவது தவறு. அமெரிக்க வேளாண்மைத் துறையின் அட்டவணைப்படி, அடுப்பிலிருந்து இறக்கிய சூடான பண்டத்தில் கலந்த மதுவில் 85 விழுக்காடு அப்படியே தங்கிவிடுகிறது. ஒரு மணி நேரம் கொதித்தாலும் கால்பங்கு மிஞ்சுகிறது. பிள்ளைகள், கருவுற்ற பெண்கள், சமய நம்பிக்கையாலோ உடல்நலம் கருதியோ மதுவைத் தவிர்ப்பவர்கள் ஆகியோருக்கான பங்கை முதலில் தனிக் கரண்டியால் தனிப் போத்தல்களில் நிரப்பி மூடிவிடுங்கள். தேயிலையும் அன்னாசியும் மட்டுமே சேர்ந்த அந்த ஜாமும் தன்னளவில் முழுமையானதுதான்.

மீதி ஜாமில் போத்தலுக்கு இரண்டு தேக்கரண்டி வீதம் ரம் சேர்க்க வேண்டும். மது 78 டிகிரியிலேயே ஆவியாகத் தொடங்குவதால், ஊற்றியவுடன் ஜாம் சீறிப் பொங்கும். எழும் ஆவி எளிதில் தீப்பற்றக்கூடியது. ஆகவே பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி, பக்கத்து அடுப்பிலும் தீ இல்லை என்பதை உறுதிசெய்து, நுரை அடங்க ஓரிரு நிமிடம் பொறுத்து, ரம்மைச் சிறுகச் சிறுக ஊற்றிக் கிளறுங்கள். போத்தல்களைச் சூடாக வைத்துள்ள பானையின் அடுப்பையும் அந்த நேரத்துக்கு அணைத்துவிட வேண்டும். ரம் போத்தலிலிருந்து நேராக ஊற்றாமல் ஒரு சிறு கிண்ணத்தில் அளந்து எடுத்துக்கொள்வது பாதுகாப்பு.

நிரப்புதலும் மூடுதலும்

ஜாம் 85 டிகிரிக்குக் கீழே இறங்குவதற்குள் நிரப்பிவிட வேண்டும். மேலே 6 மில்லிமீட்டர் இடம் விட்டு நிரப்பி, உள்ளே சிக்கிய காற்றுக் குமிழிகளை ஒரு மெல்லிய குச்சியால் விடுவித்து, வாயின் விளிம்பைச் சுடுநீரில் நனைத்த சுத்தத் துணியால் துடைத்துவிடுங்கள். விளிம்பில் ஒட்டிய ஒரு துளி ஜாம் போதும், மூடி சரியாகப் பொருந்தாமல் போவதற்கு. மூடியை விரல் நுனியின் வலுவுக்கு மட்டும் திருகி, போத்தல்களை மீண்டும் பானையில் நிறுத்தி, மூடிக்கு மேல் இரண்டு விரற்கிடை தண்ணீர் நிற்கும்படி 10 நிமிடம் கொதிக்க வையுங்கள். போத்தலைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் போதும் என்ற பழைய பழக்கத்தை நம்ப வேண்டாம். நம் ஊரின் வெக்கையிலும் ஈரப்பதத்திலும் பூஞ்சைக்குச் சிறு இடைவெளியே போதும்.

வெளியே எடுத்த போத்தல்களை ஒரு துணியின்மேல் இடைவெளிவிட்டு வைத்து, மறுநாள்வரை அசைக்காமல் விடுங்கள். ஆறும்போது மூடியின் நடுப்பகுதி ‘டக்’ என்ற ஒலியோடு உள்வாங்கும். மறுநாள் நடுவில் அழுத்திப் பாருங்கள். மேலும் கீழும் அசையும் மூடி சரியாக மூடவில்லை என்று பொருள், அந்தப் போத்தல் நேராகக் குளிர்பதனப் பெட்டிக்குப் போகட்டும். மற்றவற்றில் தேதியையும், ரம் உள்ளதா இல்லையா என்பதையும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்.

வெயில் படாத அலமாரியில் இவை ஓராண்டுவரை இருக்கலாம். என்றாலும் 30 டிகிரியைத் தொடும் வீடுகளில் நிறமும் மணமும் மங்கிவிடும் என்பதால் ஆறு மாதத்துக்குள் உண்பதே நல்லது. ரம் சேர்த்த போத்தலை உடனே திறக்க வேண்டாம். முதல் வாரத்தில் மது தனியாகவும் தேயிலை தனியாகவும் நாவில் தட்டும். இரண்டு மூன்று வாரங்களில் கூர்மை தணிந்து ஒன்றோடொன்று கலந்துவிடும். திறந்தபின் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, ஈரமில்லாத கரண்டியால் எடுத்து, ஒரு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். எங்கேனும் பூஞ்சை தெரிந்தால் மேலோட்டமாக வழித்தெடுத்துவிட்டு உண்ணக் கூடாது. போத்தல் முழுவதையும் எறிந்துவிட வேண்டும்.

வேறு பழங்கள், வேறு தேயிலைகள்

அன்னாசி கைவந்தபின் பிறவற்றுக்குப் போகலாம். சீனப் புத்தாண்டில் இரண்டிரண்டாகக் கைமாறி வீட்டில் தேங்கிவிடும் மாண்டரின் ஆரஞ்சு ஜாமுக்கு மிகவும் ஏற்றது. அதன் தோலை மெல்லிய நார்களாக அரிந்து, சீனி சேர்ப்பதற்கு முன் வெறும் தண்ணீரில் நன்கு மிருதுவாகும்வரை வேகவைக்க வேண்டும். அதற்குத் தியெகுவான்யின் தேயிலையும் பிராந்தியும் பொருந்தும். புகைமணம் பிடித்தவர்கள் பைன் விறகின் புகையில் உலர்த்திய லாப்சாங் சூச்சோங் தேயிலையை விஸ்கியோடு சேர்த்துப் பார்க்கலாம். 1925இல் தொடங்கப்பட்டு, சைனாடவுனில் மாஸ்க் தெருவில் இயங்கிவரும் பெக் சின் சூன் கடையில் சீனத் தேயிலைகளைப் பற்றிப் பொறுமையாகக் கேட்டு வாங்கலாம். அன்னாசியோடு ரம்முக்குப் பதிலாக ஜின் சேர்க்க விரும்புவோருக்கு இவ்வூரிலேயே முன்னோடி உண்டு: ராஃபிள்ஸ் ஹோட்டலின் மதுக்கூடப் பணியாளர் நியாம் தோங் பூன் 1915இல் உருவாக்கியதாகச் சொல்லப்படும் சிங்கப்பூர் ஸ்லிங் என்ற மதுக்கலவையிலும் ஜின்னும் அன்னாசிச் சாறும்தான் சேர்கின்றன. ஜின்னோடு கறுப்புத் தேயிலையைவிட மல்லிகைத் தேயிலை நயமாக இருக்கும். அதைக் கொதிநீரில் இடாமல் 80 டிகிரி நீரில் மூன்று நிமிடம் ஊறவைத்தால் போதும்.

மாம்பழத்தில் கவனம் தேவை. நன்கு பழுத்த மாம்பழத்தில் புளிப்பு குறைந்துவிடுவதால், சதை 1 கிலோவுக்குப் போத்தலில் விற்கும் எலுமிச்சைச் சாறு 60 மில்லிலிட்டருக்குக் குறையாமல் சேர்க்க வேண்டும்; வீட்டில் பிழியும் சாறின் புளிப்பு பழத்துக்குப் பழம் மாறுவதால் இங்கே போத்தல் சாறே பாதுகாப்பானது. பப்பாளி, பலா, டுரியான் ஆகியவற்றில் புளிப்பு மிகவும் குறைவு. மூடிய போத்தலில் புளிப்பு போதாதபோது நச்சுக் கிருமிகள் வளர இடமுண்டு என்பதால், இவற்றை அலமாரியில் வைக்கும் ஜாமாகச் செய்யப் புதியவர்கள் முயல வேண்டாம். முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த காயாவுக்கும் இந்த முறை பொருந்தாது. அது எப்போதும் குளிர்பதனப் பெட்டிக்குரியது.

முதல் முயற்சியில் ஜாம் இறுகாமல் பாகாக நின்றுவிட்டால், ரம் சேர்க்காத பங்கை மீண்டும் பாத்திரத்தில் ஊற்றி, இன்னொரு கலமான்சியைப் பிழிந்து, 105 டிகிரிவரை கொதிக்கவிட்டுப் புதிய மூடிகளோடு நிரப்பலாம். ரம் சேர்த்ததை மறுபடி அடுப்பில் ஏற்ற வேண்டாம். அதைப் பாகாகவே வைத்துக்கொண்டு, மழை பெய்யும் மாலையில் சூடான தே ஓவில் சீனிக்குப் பதிலாக ஒரு கரண்டி விட்டுக் கலக்கிக் குடியுங்கள்.